ஈரம் காயக் கூடாத முகம்

என் வீட்டுக்காரர் ஜெரோம் ஒரு சிற்பி. இதைச் சொன்னால் எல்லோரும் உடனே மாமல்லபுரமா என்று கேட்பார்கள். இல்லை, இரும்புலியூர். கல்லில் உளி வைத்து அடிக்கிறவரும் இல்லை. களிமண்ணில் உருவம் செய்து, அதன் மேல் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, ஃபைபரிலோ வெண்கலத்திலோ வார்க்கிறவர். இவ்வளவையும் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் ‘டிராயிங் மாஸ்டர்’ என்று சொல்லி முடித்துவிடுவேன். அது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்வேன்.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தவர். படித்து முடித்த புதிதில், தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்பவர்களின் கைகளை மட்டும் செய்துகொண்டிருந்தாராம். முழங்கை வரைக்கும்தான், ஆள் கிடையாது. சுண்ணாம்பு ஒட்டிய கொத்தனார் கை, வாட்சை உள்பக்கம் திருப்பிக் கட்டிய நர்ஸ் கை, புது வளையல் போட்ட கை. ஒரு கண்காட்சியில் நாலைந்து பேரோடு சேர்ந்து இவருடையதையும் வைத்தார்கள். பேப்பரில் இரண்டு வரி வந்தது. எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது என் மாமனார் அந்தப் பேப்பரைப் பத்திரமாக மடித்து எடுத்துவந்து என் அப்பாவிடம் காட்டினார். அப்பா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “அதெல்லாம் சரி, மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பள்ளிக்கூட வேலை வந்தது. மாடம்பாக்கம் போகிற வழியில் இருக்கிற பள்ளிக்கூடம். இரண்டு வருஷம் போதும், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சொந்தமாக ஒரு ஷெட் போட்டுவிடலாம் என்று சொல்லித்தான் சேர்ந்தார். இப்போது மீசை நரைத்துவிட்டது. ஷெட் இன்னும் வாயிலேயே இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தவர் வேதாசலம் ஐயா. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே டியூஷன் எடுத்து, அதை ஆறு கிளை வரைக்கும் வளர்த்தவர். அப்பா இல்லாத பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்க மாட்டார். நல்ல மனுஷன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குச் சேருகிற டீச்சர்களின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். டீச்சர் நடுவில் ஓடிப்போனால் பிள்ளைகள் கதி என்ன ஆவது என்பது அவருடைய நியாயம். சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். ஜெரோமின் பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து கல்லூரிப் பட்டம் வரை எல்லாம் அந்தப் பீரோவுக்குள்தான் கிடந்தன.

வகுப்பில் இவர் ஒன்று செய்வார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வார். ஒரு கையால் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இன்னொரு கையால் அதே காதைக் களிமண்ணில் செய்ய வேண்டும். கண்ணைத் திறந்ததும் அவரவர் காதைப் பார்த்து ஒரே சிரிப்பாக இருக்குமாம். காது செய்யத் தெரிந்த பிள்ளைக்கு அப்புறம் எதையும் செய்ய வரும் என்பார். அந்த வகுப்பு ஒரு வருஷம்தான் நடந்தது. யூனிஃபார்மில் மண் ஒட்டுகிறது என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். களிமண் போய், பாக்கெட்டில் விற்கிற கலர் கலரான மாவு வந்தது. அதுவும் போய்க் கலர் பேப்பர் வந்தது. கடைசியில் கணக்கு சார் ராஜகோபாலன் வந்து நின்றுகொண்டு, “போர்ஷன் முடியல ஜெரோம் சார், உங்க பீரியட் குடுங்களேன்” என்று வாங்கிக்கொண்டு போவார். இவரும் கொடுத்துவிட்டு, ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோலில் அரண்மனை வெட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஆத்திரமாக வரும். தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க, “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்று சொல்கிறவள். வீட்டுக்கு வந்தால் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டுத் தொலையுங்கள் என்று சண்டை போடுவேன். விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அவர் கேட்பதற்குள் நானே யோசித்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

போன வருஷம் வேதாசலம் ஐயா தூக்கத்திலேயே இறந்துபோனார். அவருடைய மகன் சுகுமார் கரஸ்பாண்டன்ட் ஆனார். பழகுவதற்கு இனிமையானவர், யாரையும் கடிந்து பேச மாட்டார். அப்பாவுக்குப் பள்ளிக்கூட வாசலில் மார்பளவு சிலை வைக்க வேண்டும், பிறந்தநாளன்று திறக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பள்ளிக்கூடத்திலேயே சிற்பி இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும். பிள்ளைகள் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்பதால் சிலையை எங்கள் வீட்டிலேயே செய்யச் சொன்னார்.

அப்படித்தான் ஐயா எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தார். டி.வி. படுக்கையறைக்குப் போனது. அது இருந்த இடத்தில் ஒரு முக்காலியை வைத்து, கம்பி கட்டி, மண்ணை அப்பி, ஜெரோம் அவரை எழுப்பினார். பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றுகூட அந்தக் குடும்பத்தில் இல்லை. எல்லாம் நேராகப் பார்த்து உட்கார்ந்த படங்கள். அதனால் சுகுமாரை ஒரு நாள் உட்காரவைத்து, மகனின் மண்டையையும் தாடையையும் அளந்து அப்பாவுக்கு வைத்தார். இந்தத் தொழிலில் அப்படிச் செய்வது உண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. மண்ணில் முகம் முடிந்ததும், அச்சு எடுப்பதற்கு முன்னால், இறந்தவரின் வீட்டு ஆட்கள் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அச்சு எடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. சரி என்கிற வார்த்தை வரும்வரை மண் காயக் கூடாது. காய்ந்தால் வெடித்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ஈரத் துணி சுற்றி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்ட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் போச்சு.

“ஐயாவுக்குத் தண்ணி விட்டாச்சா?” என்று கேட்டுக்கொள்வது எங்கள் வீட்டில் குட் மார்னிங் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு வந்த பெண்கள், வெள்ளைத் துணி சுற்றிய உருவத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் சிலுவை போட்டுக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தார்கள். திருநெல்வேலியில் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். கத்திரி வெயிலில் ஐயாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று ஜெரோம் இருந்துவிட்டார். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோதுகூட இவ்வளவு கட்டுப்பட்டுக் கிடந்ததில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த வேலை வந்தது. பாண்டிச்சேரி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் சிற்பத் துறைக்கு ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நான்தான் திட்டி விண்ணப்பிக்க வைத்தேன். அந்த ரயில் கைகளின் போட்டோக்களை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். திரும்பி வந்தவர் சாப்பிடக்கூட உட்காராமல் பேசிக்கொண்டே இருந்தார். உயரமான கூரை போட்ட ஷெட்டாம். மண் கரைக்கத் தனியாகத் தொட்டியாம். மண்ணைத் தொடத்தான் அந்தப் பிள்ளைகள் வருகிறார்களாம், யாரும் யூனிஃபார்ம் போடுவதில்லையாம். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. வேலை கிடைத்துவிட்டது. ஜூலை முதல் வாரத்துக்குள் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வயது வரம்பும் அத்தோடு தாண்டிவிடுகிறது, இன்னொரு தடவை என்பது கிடையாது.

சுகுமாரிடம் போய்ச் சொன்னார். அவர் எழுந்து வந்து கை கொடுத்து, காபி வரவழைத்தாராம். “ரொம்ப சந்தோஷம் ஜெரோம் சார், உங்களுக்கு இது எப்பவோ வந்திருக்கணும். அப்பா சிலையை மட்டும் முடிச்சுக் கொடுத்துடுங்க. அம்மா பார்த்து ஓகே சொல்லட்டும். அன்னைக்கே சர்டிஃபிகேட் உங்க கையில இருக்கும்.”

மிரட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அம்மா என்றால் கங்கம்மா, வேதாசலம் ஐயாவின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கார் வரும். டிரைவர் குமரேசன் இறங்கிக் கதவைத் திறந்துவிடுவான். அவர் உள்ளே வருவார். ஜெரோம் ஈரத் துணியை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். முதல் வாரம் அந்த முகத்தைப் பார்த்ததும் கங்கம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர், “மூக்கு கொஞ்சம் பெர்சா கீது தம்பி” என்றார்.

ஜெரோம் மூக்கைக் குறைத்தார். அடுத்த வாரம் காது. அதற்கடுத்த வாரம் கழுத்து. “இவ்ளோ சதை இல்லப்பா அவருக்கு.” சதையை வழித்தெடுத்தார். அடுத்த வாரம் கழுத்து ஒட்டிப்போயிருக்கிறது என்றார். ஒரு ஞாயிறு, மூக்கு இப்போது ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது என்றார்.

ஜெரோமுக்குச் சந்தேகம் வேறு மாதிரி போனது. மகனை அளந்து வைத்ததால் முகத்தில் மகன் ஒளிந்திருக்கிறான், பெற்றவளுக்கு அது தெரிந்துவிடுகிறது என்று நினைத்தார். தாடையை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு மறுபடி கட்டினார். இருக்கிற போட்டோக்களை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தப்பு மண்ணில்தான் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எந்த முகத்தைப் பார்த்தாலும் குறையைத் தேடுகிற கண் அது. எனக்கோ அந்த அம்மாளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வர ஆரம்பித்தது. ஜூன் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து, டீ குடித்து, ஒரு குறை சொல்லிவிட்டுப் போவார். என் வீட்டில் ஒரு ஆள் அடுத்த ஏழு நாள் அந்தக் குறையோடு அல்லாடுவார்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு. அட்மிஷன் பேனர் எழுத வேண்டும் என்று ஜெரோமைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கங்கம்மா வந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். துணியை நான் அவிழ்த்துவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்து வாசல் பக்கம் போட்டுக்கொண்டார். தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். மீன் விற்கிற லில்லி போனாள். “இன்னாடி, பொண்ணுக்குக் கொயந்த பொறந்திச்சா?” என்று அவளை நிறுத்தி ஊர்க் கதை எல்லாம் கேட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்களுடைய பழைய வீடு இருந்தது. அதை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். நான் மத்தியானம் வறுத்த நெத்திலி மிச்சம் இருந்தது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கையிலிருந்த முருங்கைக்கீரையை வாங்கி ஆய்ந்து கொடுத்தார். ரயில் சத்தம் கேட்டபோது எட்டிப் பார்த்து, “இது ஃபாஸ்ட்டு” என்றார்.

கீரை ஆய்ந்து முடியும்போதுதான் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்து அவர் சிலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

“அம்மா, இன்னைக்கு நீங்க ஐயாவைப் பாக்கவே இல்லையே” என்றேன்.

“நாப்பது வர்சமா பாத்த மூஞ்சிதானேம்மா” என்றார். கீரைக் காம்புகளைக் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“முகம் சரியா இருக்கா இல்லையா? எனக்கு ஒரு பதில் சொல்லுங்க.”

அவர் ஆய்ந்த கீரையை என் பக்கம் நகர்த்தினார். நான் விடவில்லை. எதிரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“மொத நாளே சரியாத்தான் இருந்திச்சு” என்றார்.

வயதானவர் என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

“சரின்னு சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கெயம குமரேசன் வண்டிய எடுப்பானா? சொல்லு. பெரும்பாக்கம் தாண்டி வூடு கட்டிகினு கீறான் என் புள்ள. காம்பவுண்டுக்குள்ள ஐம்பது வூடு. ஒரே மாதிரி. ஒரு நாளு நானா நடந்து வந்து பஸ் புடிச்சி இங்க வந்துட்டேன். அவ்ளோதான். போலீசு, போனு, எல்லாம் பேஜாராய்டுச்சி. அன்னிலேந்து வாட்ச்மேனு எனக்கு கேட்ட தொறக்க மாட்டேன்றான். கேட்டா, சார் சொல்லணும்மான்றான். சோறு துணிக்கெல்லாம் ஒரு கொறையும் இல்ல. வேலைக்காரி கீறா, டி.வி. கீது. இங்க வர்றதுக்கு மட்டுந்தான் வண்டி அனுப்புறான். அப்பா சிலயாச்சே.”

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. என் வீட்டுக்காரரைக் கட்டிப்போட்ட கயிறு இவ்வளவு அற்பமானதா என்று வந்த கோபம். கல்லூரி வேலையைச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். பீரோவில் இருக்கிற சர்டிஃபிகேட்டைச் சொன்னேன். “நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் உங்க புள்ள அதைக் குடுக்க மாட்டார். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை. அவருக்கு வாழ்க்கைம்மா” என்றேன்.

கங்கம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தான் வருவது எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

“அந்த பீரோ சாவி அவர் இடுப்புலயே கெடக்கும்” என்றார் கடைசியில். “நெறைய வாட்டி கேட்டுகீறேன், உள்ள இன்னாய்யா வச்சிகினு கீறன்னு. பள்ளிக்கூடம் ஓடணும்ல கங்கான்னுவாரு.”

அன்றைக்கு எந்தக் குறையும் சொல்லாமல் எழுந்து போனார். கை கழுவக்கூட இல்லை. ஜெரோம் வந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மண்ணில் தப்பில்லை, அவர் கையில் தப்பில்லை. அவர் சிலைக்கு முன்னால் போய் நின்றார். “அப்ப சிலை முடிஞ்சதும் அந்தம்மாவ நாம எப்படித் திருப்பி அனுப்புறது ரோஸி?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், முதலில் உங்களை எப்படி அனுப்புவது என்று யோசியுங்கள் என்று கத்திவிட்டு, ஐயாவுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் முன்னறிவிப்பு இல்லாமல் கார் வந்து நின்றது. சுகுமாரும் அம்மாவும் சேர்ந்தே இறங்கினார்கள். சிலை இன்றைக்கு முடிந்தாக வேண்டும், நீயும் வா என்று கங்கம்மாவே மகனை இழுத்து வந்திருக்கிறார். சுகுமாருக்கும் அவசரம் இருந்தது. பிறந்தநாள் விழாவுக்கு நீதிபதி ஒருவரைப் பேசி அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்துவிட்டார். வார்ப்புக்கு நாள் வேண்டும்.

ஜெரோம் துணியை அவிழ்த்தார். சுகுமார் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். அது நடிப்பில்லை. “அம்மா, ஓகேதானே?” என்றார்.

கங்கம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “ஜெரோம் தம்பியோட பேப்பர்லாம் நம்ப பீரோல கீதாமே. அத்த குட்த்துடு. அப்புறம் சொல்றேன்.”

சுகுமார் சிரித்தார். “அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது ஆபீஸ் விஷயம். நீ சொல்லு, அப்பா மாதிரியே இருக்கார் இல்ல?”

“அப்டின்னா மூக்கு சரியில்ல.”

“அம்மா.”

“காதும் சரியில்ல. ஆடி போயி ஆவணி வரைக்கும் சரியாவாது.”

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜெரோம் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றார். சுகுமார் அம்மாவைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்து ஆபீசில் யாரிடமோ பேசினார். குமரேசனை அனுப்பினார். அவன் போய் வருவதற்குள் நான் டீ போட்டேன். சுகுமார் வேண்டாம் என்றார். கங்கம்மா மட்டும் ஊதி ஊதிக் குடித்தார்.

ஃபைல் வந்தது. ஜெரோம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பட்டத்தில் இருந்த போட்டோவில் முடி சுருள் சுருளாக, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு பையன் இருந்தான். அந்தப் பையனை எனக்குக்கூடத் தெரியாது. நான் அதைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

திரும்பி வந்தபோது கங்கம்மா எழுந்து சிலைக்கு எதிரில் நின்றிருந்தார். கன்னத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரலில் மண் ஒட்டியது.

“அவரேதான்” என்றார். “ஒண்ணும் தொடாத தம்பி. இப்டியே இருக்கட்டும்.”

மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கங்கம்மா எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசிக்குள் ஜெரோம் அச்சு எடுத்து, பல்லாவரத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிற நண்பர் ஷெர்வினிடம் வார்ப்புக்குக் கொடுத்துவிட்டு, பாண்டிச்சேரி பஸ் ஏறினார். அச்சைப் பிரித்தெடுத்ததும் உள்ளே இருந்த மண்ணைப் பழையபடி டிரம்மில் போட்டு மூடினேன். டி.வி. ஹாலுக்குத் திரும்பி வந்தது. காலையில் தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது. ஜெரோம் போனில் ஷெட்டைப் பற்றியே பேசினார். பிள்ளைகளைக் கண்ணை மூடவைத்துக் காது செய்யச் சொன்னாராம். பீரியட் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லையாம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஞாயிறு மதியம் ஆனால் என் காது தானாக வாசலுக்குப் போய்விடும். கார் வரவில்லை. ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் சுகுமாருக்கே போன் செய்து, அம்மாவை ஒரு எட்டு அழைத்துவர முடியுமா என்று கேட்டேன். “அம்மாவுக்கு இனிமே அங்க என்ன வேலை மேடம்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

ஜூலைக் கடைசியில் திறப்பு விழா. ஜெரோம் லீவு போட்டு வந்தார். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பேண்டு வாத்தியம், பிள்ளைகள், பந்தல். நீதிபதி கயிற்றை இழுத்தார். ஐயா வெண்கல நிறத்தில் பளபளவென்று வெளிப்பட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கங்கம்மா மேடையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். கூட்டம் கலைகிற நேரத்தில் நாங்கள் அவரிடம் போனோம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

“ரோஸி, இந்த மாதிரி உயிரோட கீறவங்களுக்குச் செய்ய மாட்டாங்களா?”

“யாருக்கும்மா?”

“எனுக்கு.”

ஜெரோம் குனிந்து, “செய்வாங்கம்மா. போட்டோகூட வேணாம். ஆளு எதிர்ல வந்து உக்காந்தா போதும்” என்றார்.

“வந்து உக்காரணும் இல்ல?” என்றார் கங்கம்மா. “எத்தினி வாட்டி உக்காரணும்?”

“எத்தன வாட்டி வேணும்னாலும் உக்காரலாம்மா” என்றார் ஜெரோம்.

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. நீதிபதியோடு பேசிக்கொண்டிருந்த சுகுமாரிடம் நேராகப் போனேன். “சார், அம்மாவுக்கும் ஒரு சிலை செய்யறோம். எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் அனுப்பிவைங்க. எங்க வீட்டுக்காரர் பாண்டிச்சேரியிலேருந்து வர்ற நாள்தான்” என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுகுமார் சிரித்தார். அம்மாவிடம் வந்து, தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார்.

“உயிரோட இருக்கிறவங்களுக்கு யாராவது சிலை வைப்பாங்களா மேடம்? அபசகுனம் இல்லையா? எங்க அம்மா இன்னும் நூறு வருஷம் எங்க வீட்டுலயே நல்லா இருக்கணும்.”

நீதிபதி தலையாட்டினார். எப்படிப்பட்ட பிள்ளை என்று ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரிடம் சொன்னாள். குமரேசன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். கங்கம்மா என் கையை விட்டுவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தார்.